கனித்தட்டில் வைத்த பித்தளை

இது நடந்தது. கதை கட்டுகிறவர்கள் இருட்டையும் மழையையும் துணைக்குக் கூப்பிடுவார்கள். இதில் இரண்டும் கிடையாது. சித்திரை ஒன்றாம் தேதி. ஏப்ரல் பதினான்கு. தாராவியில் சந்து முழுக்க ஆட்கள் நடமாடும் பகல் வேளை. நம்பாதவர்கள் வாஷிக்குப் போய் மகேஸ்வரியைப் பார்க்கலாம். அவளுடைய வலது மணிக்கட்டில் ஐந்து விரல்கள் பதிந்த தடம் இன்னும் இருக்கிறது. பார்த்தால் வெந்த புண் ஆறிய தடம் போலத் தெரியும். தொட்டால் சில்லென்று இருக்கும்.

மகேஸ்வரியின் கணவன் சுயம்பு வள்ளியூர்ப் பக்கத்து ஆள். தாராவியில் பித்தளைப் பட்டறை வைத்திருந்தான். பழைய பித்தளையை உருக்கிக் கதவுக் கைப்பிடி வார்ப்பது தொழில். கீழே பட்டறை, மேலே பலகைத் தளம் போட்ட வீடு, நடுவில் ஓர் இரும்பு ஏணி. ஏணியடியில் நீல டிரம். காலையில் குழாயில் தண்ணீர் வரும்போதே அதை நிரப்பிக்கொண்டால்தான் அன்றைய பொழுது ஓடும். பட்டறையில் சுயம்புவுக்குக் கூட்டாளி எட்வின். தூத்துக்குடிக்காரன். கை ஓய்ந்தாலும் வாய் ஓயாது.

அந்தத் தொழிலில் எழுதி வைக்காத சட்டம் ஒன்று உண்டு. வாய் அடைத்த பொருளை உடைக்காமல் உலையில் போடக் கூடாது. உள்ளே ஒரு சொட்டு ஈரம் இருந்தால் போதும். சூட்டில் அது ஆவியாகி, வெளியே வர வழி இல்லாமல், மொத்தத்தையும் கிழித்துக்கொண்டு வரும். பக்கத்துச் சந்தில் ஒருவனுக்கு அப்படித்தான் முகம் போனது. ஆஸ்பத்திரியில் அவனைப் போய்ப் பார்த்தவள் மகேஸ்வரி. கண் எது, வாய் எது என்று தெரியவில்லை. மூச்சு மட்டும் எங்கிருந்தோ வந்துகொண்டிருந்தது. அதற்குப் பிறகு பட்டறைக்கு எந்த மூட்டை வந்தாலும் அவளே உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்ப்பாள்.

சித்திரை விசுவுக்கு முந்தின நாள் குர்லா பங்கார் கடையிலிருந்து, அதாவது பழைய சாமான் கடையிலிருந்து, ஒரு மூட்டை வந்தது. துறைமுகத்தில் தூர்வாரிய சேற்றிலிருந்து பொறுக்கிய சரக்கு. அதில் உரிக்காத தேங்காய் பருமனுக்கு ஓர் உருண்டை கிடந்தது. பெரிய பித்தளைத் தகட்டை யாரோ ஆத்திரத்தில் கசக்கிச் சுருட்டியதுபோல இருந்தது. மேலெல்லாம் சிப்பி ஒட்டியிருந்தது. மடிப்புகளில் சேறு அடைத்துக் கல்லாக இறுகியிருந்தது.

எட்வின் அதை உடைக்கச் சுத்தியலை ஓங்கினான்.

"லேய், சுத்தியல வையி. அத நாளைக்கு மேல கனித்தட்டுல வைக்கப்போறேன்" என்றான் சுயம்பு.

விசு அன்று கனி காண்பது நெல்லைப் பக்கத்து வழக்கம். கண்ணைத் திறந்ததும் முதலில் கண்ணாடி, பழம், பூ, பொன் இவைதான் பார்வையில் பட வேண்டும். அந்த வருடம் பொன்னுக்குத்தான் வழியில்லை. மகேஸ்வரியின் ஒரே சங்கிலியைச் செம்பூர் அக்காள் ஒரு கல்யாணத்துக்குப் போட்டுக்கொள்ள வாங்கிப் போயிருந்தாள். திரும்பி வரவில்லை. சுயம்பு புளியும் சாம்பலும் வைத்து உருண்டையைத் தேய்த்தான். ஒரு பக்கம் மஞ்சளாகப் பளபளத்தது.

"இந்தா, பொன்னு. ஒங்க அக்காகிட்ட போய் நிக்க வேண்டாம்."

"மைனி, சங்கிலியவிட இது கனம் ஜாஸ்தி. கழுத்துல போட்டுப் பாருங்க" என்றான் எட்வின்.

"ஒன் கழுத்துல கட்டி மாகிம் கடல்ல தள்ளுதேன், இரு."

எட்வின் சிரித்தான். சுயம்பு சிரிக்கவில்லை. உருண்டையைக் கையில் உருட்டிப் பார்த்தபடி, "நாளைக்கு மொத உலையில மொத உருப்படியா இதத்தான் போடணும்" என்றான். ஊரில் அன்று ஏர் பூட்டுவார்கள். பட்டறைக்காரர்கள் அன்று உலை மூட்டுவார்கள்.

"ஒடச்சிட்டுப் போடுங்க" என்றாள் மகேஸ்வரி.

"கனி வச்ச பொருள்ல சுத்தியல் படலாமாட்டி? முழுசாத்தான் போடணும்."

"அப்ப போடவே போடாதிய. அந்தாளு மூஞ்சிய நீங்க பாக்கல. நான் பாத்தேன்."

"வருசப் பொறப்பும் அதுவுமா போடாத, செய்யாதன்னு ஆரம்பிக்காத."

அன்று ராத்திரி தட்டை ஒழுங்கு செய்யும்போது உருண்டைக்கும் மஞ்சள் தடவிக் குங்குமம் வைத்தாள். கை வழக்கமான வேலையைச் செய்தது. மனசுக்குள் ஒன்றே ஒன்றுதான் ஓடியது. எப்படியாவது இது உலைக்குள் போகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். சுயம்பு முழு முகத்தோடு தனக்கு வேண்டும்.

காலை. கண்ணை மூடியபடியே எழுந்து, சுவரைத் தடவிக்கொண்டு போய், தட்டின் முன் உட்கார்ந்து கண்ணைத் திறந்தாள்.

கண்ணாடியில் அவள் முகம். மாம்பழம். கொன்றைப்பூ. குங்குமம் வைத்த உருண்டை. எல்லாம் இருந்தன. ராத்திரியே ஏற்றி வைத்த விளக்கு தட்டுக்கு முன்னால் எரிந்துகொண்டிருந்தது. ஆனால் கண்ணாடிக்குள் இருந்த விளக்கில் சுடர் இல்லை.

அவள் அசையவில்லை. கண்ணாடி விளக்கையும் எதிரே இருந்த விளக்கையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு எதிரே இருந்ததும் 'ஸ்ஸ்' என்று அணைந்தது. காற்று இல்லை. ஜன்னல் மூடியிருந்தது. திரியைத் தொட்டாள். எண்ணெயின் வழவழப்பு இல்லை. தண்ணீர். விரலை நாக்கில் வைத்தாள்.

உப்புக் கரித்தது.

சுயம்புவிடம் சொன்னாள். "தூக்கக் கண்ணு. அப்படித்தான் தெரியும்" என்றான். அவன் கனி கண்டபோது எதுவும் நடக்கவில்லை. கன்னத்தில் போட்டுக்கொண்டு, உருண்டையைத் துணியில் சுற்றிக் கீழே எடுத்துப் போனான்.

குழாயில் தண்ணீர் வந்ததும் டிரம்மை விளிம்பு வரை நிரப்பி மூடினாள். வடை சுட்டுக் கீழே கொடுத்தனுப்பினாள். பத்து மணி வாக்கில் பாத்திரம் கழுவத் தண்ணீர் எடுக்கப் போனால் டிரம் பாதிக்கு இறங்கியிருந்தது. தரையில் டிரம்மிலிருந்து உலைக்குழி வரை ஈரம். ஈரத்தில் காலடிகள். கனமான பூட்ஸ் தடங்கள். அந்தச் சந்தில் எல்லோரும் ரப்பர் செருப்புதான் போடுவார்கள்.

"தண்ணிய என்னல செஞ்ச?" என்று எட்வினைக் கேட்டாள்.

"நான் என்ன எருமையா மைனி, அம்புட்டையும் குடிக்க? அண்ணன்தான் கத்திக்கிட்டு நிக்காரு. அடுக்கி வச்ச கரி பூரா சொதசொதன்னு நனஞ்சு கெடக்கு."

சுயம்பு கரியை அள்ளி எறிந்துவிட்டுப் புதுக் கரி போட்டான். பற்றவைத்து, காற்றூதும் ப்ளோயரைப் போட்டான். தீ பிடித்தது. குழிக்குள் மூசையும் சிவக்கத் தொடங்கியது. மூசை என்பது பித்தளை உருகும் கலம். அவன் அந்தப் பக்கம் திரும்பி நின்று வியர்வையைத் துடைத்தான். முதுகுக்குப் பின்னால் 'புஸ்ஸ்' என்றது. குழியிலிருந்து நீராவி எழுந்தது.

டிரம் காலி.

"எவம்ல அது?" என்று சுயம்பு வாசலுக்கு ஓடினான். வாசலில் யாரும் இல்லை. எதிர்வீட்டு வந்தனா வாசலில் உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள். "கோயி நஹி ஆயா, பாவு" என்றாள். யாரும் வரவில்லையாம். காலையிலிருந்து அங்கேயேதான் இருந்தாளாம்.

சுயம்புவுக்கு வீம்பு ஏறிவிட்டது. மிச்சமிருந்த வாளித் தண்ணீரையும் சாக்கடையில் கொட்டினான். டிரம்மைத் தலைகீழாகக் கவிழ்த்தான். "இப்ப எங்கிருந்து ஊத்துவான், பாப்போம். இன்னைக்கு உலை எரியாம நான் சாப்பிட மாட்டேன்."

மகேஸ்வரி பட்டறை நடுவில் நின்று மேலே பார்த்தாள். வெள்ளையாக ஏதோ பறந்து இறங்கிக்கொண்டிருந்தது. பித்தளை உருகும்போது துத்தநாகம் புகைந்து இப்படிப் பஞ்சு போலப் பறப்பது வழக்கம்தான். ஆனால் உலை அணைந்து கிடந்தது. ஒன்றைக் கையில் பிடித்தாள். நிஜமான பஞ்சு. ஓரம் கருகியிருந்தது. அதன் நடுவில் இன்னும் ஒரு பொறி...

அது அவள் உள்ளங்கையைச் சுட்டது.

"சொல்லுததக் கேளுங்க" என்றாள். "அந்த உருண்டைய உலையில போடாதிய. ஒங்க கால்ல விழுதேன்."

சுயம்பு அவளைப் பார்த்தான். நனைந்த கரி, காலி டிரம், வெளிறிப்போன அவள் முகம். துணியில் சுற்றியிருந்த உருண்டையை எடுத்து அவள் கையில் வைத்தான்.

"இந்தா. நீயே வச்சுக்க. சாதா சரக்கு உருக்குதேன். அதுக்கும் வேண்டாம்னு சொல்லாத. நல்ல நாளும் அதுவுமா உலை எரியாம போகக் கூடாது."

அவளுக்கு அழுகை வந்துவிட்டது. ஏணியேறி, உருண்டையை அரிசி டப்பாவுக்குள் புதைத்து, மூடியை அழுத்தி மூடினாள். குழி காய்ந்து மறுபடி மூட்ட மதியம் மூன்று ஆனது. கீழே தீ பிடிக்கும் சத்தம் கேட்டது. ப்ளோயர் இரைந்தது. இந்த முறை அணையவில்லை. ஒரு மணி நேரம் ஆகியும் அணையவில்லை. எட்வின் கீழிருந்து, "மைனி, பாயசம் எந்த மட்டுல இருக்கு? நான் போய் சாயா குடிச்சிட்டு வாரேன், அதுக்குள்ள முடிச்சிருங்க" என்று கத்தினான். அவள் சிரித்தாள். அந்த வருடத்தின் முதல் சிரிப்பு.

காஸ் அடுப்பில் பாயசம் கொதித்துக்கொண்டிருந்தது.

தூரத்தில் மணி அடித்தது. கோவில் மணி இல்லை. விடாமல், அவசரமாக, யாரோ கயிற்றைப் பிடித்து ஆட்டும் மணி. நெருங்கி வந்தது. சந்துக்குள் வந்தது. அந்தச் சந்துக்குள் சைக்கிளே சிரமப்பட்டுத்தான் நுழையும்.

மணி நின்றது.

'ஸ்ஸ்.'

அடுப்பு அணைந்தது. பர்னர் மேல் தண்ணீர் நின்றது.

அவள் அரிசி டப்பாவைப் பார்த்தாள். மூடி தானாக எழும்பியது. விளிம்பில் தண்ணீர் வழிந்தது. தண்ணீரோடு அரிசி. அரிசியோடு கருப்புச் சேறு. பலகைத் தளத்தில் ஓடி, ஏணிப் பக்கம் போய்... கீழே இறங்கியது.

அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது.

உருண்டையை உலையில் போட்டால்தான் ஆபத்து என்று நினைத்திருந்தாள். அது இல்லை. அதோடு வந்தவர்கள் தீயைத் தேடுகிறார்கள். எந்தத் தீயானாலும் சரி. கண்டால் அணைப்பார்கள். காலையில் விளக்கு. பிறகு கரி. கரியில் தண்ணீர் ஊற்றினால் தீ அணையும், அவ்வளவுதான்.

இப்போது கீழே மூசை நிறைய உருகிய பித்தளை.

உருகிய பித்தளையில் தண்ணீர் விழுந்தால்...

ஏணியில் பாதி இறங்கியிருப்பாள். மூசைக்கு மேலே பச்சைத் தீ ஆடியது. சுயம்பு கரண்டியால் கசடு வழித்துக்கொண்டிருந்தான். அவள் பக்கம் பார்த்துச் சிரித்தான்.

"எரியுது பாத்தியா?"

அவனுக்குப் பின்னால் அவர்கள் நின்றார்கள்.

வரிசையாக. நனைந்து. உடம்பில் துணி எது, தோல் எது என்று தெரியவில்லை. தலையில் மஞ்சளாக ஏதோ பளபளத்தது. கடைசியில் நின்றவனுக்குத் தலை இல்லை. எல்லோரும் சேர்ந்து ஒரு நீளக் குழாயைப் பிடித்திருந்தார்கள். குழாயின் வாய் உலையைப் பார்த்திருந்தது.

"வெளிய வாங்க" என்று கத்தினாள். "வெளிய..."

மணிக்கட்டை ஒரு கை பிடித்தது.

தோல் உரிந்த கை. ஐஸ் மாதிரி. அது அவளை ஏணியிலிருந்து வாசல் பக்கம் இழுத்தது. தீப்பிடித்த இடத்தில் வேடிக்கை பார்க்கிறவளை விலக்குவதுபோல. கோபம் இல்லை. அவசரம் மட்டும்.

வாசலுக்கு வெளியே போய் விழுந்தாள்.

தண்ணீர் பாயும் சத்தம்.

ஒரு நொடி அமைதி.

பிறகு பித்தளை எழுந்தது.

கூரைத் தகரம் பறந்தது. உருகிய மஞ்சள் உலோகம் தூணாக எழுந்து, விரிந்து, சுவரில், தரையில், எதிர்வீட்டுப் படியில் மழையாக விழுந்தது. விழுந்த இடமெல்லாம் பொரிந்தது. சுயம்பு வாசல் வரை நடந்து வந்தான். நடந்துதான் வந்தான். முன்பக்கம் முழுதும் பித்தளை பூசியிருந்தது. வெயிலில் சிலை மாதிரி மின்னினான். வாய் இருந்த இடத்தில் உலோகம் குமிழியிட்டது. அவளை நோக்கிக் கை நீட்டினான். விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டியிருந்தன.

அவள் கண் எதிரே முகம் குப்புற விழுந்தான். கல்லில் குடம் விழுந்த சத்தம் கேட்டது.

எதிர்வீட்டுச் சுவரில் மாட்டியிருந்த கடிகாரம் அதிர்வில் நின்றுபோயிருந்தது. வந்தனாதான் பிறகு காட்டினாள். நான்கு மணி ஆறு நிமிடம்.

உடலைச் சயான் மயானத்துக்குக் கொண்டுபோனார்கள். சுயம்புவுக்குத் தம்பியாக நின்று எட்வின் கொள்ளி வைத்தான். விறகு பிடிக்கவில்லை. மண்ணெண்ணெய் ஊற்றினார்கள். பிடிக்கவில்லை. அடியில் கட்டையைப் புரட்டிப் பார்த்த வெட்டியான், இந்தக் கோடையில் இது எப்படி நனைந்தது என்று கேட்டான். கடைசியில் மின்சார மேடைக்கு மாற்றினார்கள்.

விபத்தை விசாரிக்கத் தீயணைப்புத் துறையிலிருந்து ஓர் அதிகாரி வந்தார். சட்டையில் சின்னக் கொடி ஒன்று குத்தியிருந்தது. உலைக்குழியை வெகுநேரம் பார்த்தார். சுவரில் வெள்ளையாகப் பூத்திருந்ததைச் சுரண்டி முகர்ந்தார். பிறகு மகேஸ்வரியிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"டிரம் காய்ந்து கிடக்கிறது. குழாயில் காலைக்குப் பிறகு தண்ணீர் வரவில்லை. இவ்வளவு கடல் தண்ணீரை இங்கே கொண்டுவந்தது யார்?"

அவள் நடந்ததைச் சொன்னாள். மணியில் தொடங்கி, குழாய் வரை. அவர் எழுதுவதை நிறுத்திவிட்டார். நெஞ்சில் இருந்த கொடியைத் தொட்டுக்கொண்டார். அது எதற்கான கொடி என்று அவர்தான் சொன்னார்.

1944, ஏப்ரல் பதினான்கு. இந்த ஊர்த் துறைமுகத்தின் விக்டோரியா டாக்கில் ஒரு கப்பல். வெடிமருந்தும் பஞ்சுப் பொதிகளும் தங்கக் கட்டிகளும் ஒன்றாக ஏற்றியிருந்தார்கள். பஞ்சில் தீப்பிடித்தது. தீயணைக்க வந்தவர்கள் தொள்ளாயிரம் டன்னுக்கு மேல் தண்ணீர் பாய்ச்சினார்கள். தீ அணையவில்லை. தண்ணீர்தான் கொதித்தது. எரியும் பஞ்சு அந்தத் தண்ணீரிலேயே மிதந்து, வெடிமருந்தை நோக்கி மேலே ஏறியது என்று சொல்கிறவர்கள் உண்டு. சாயங்காலம் நான்கு மணி ஆறு நிமிடத்துக்குக் கப்பல் வெடித்தது. சிம்லாவில் பூகம்பக் கருவி ஆடியது. ஒரு மைலுக்கு அப்பால் ஒரு வீட்டுக் கூரையைப் பிய்த்துக்கொண்டு தங்கக் கட்டி விழுந்தது. ஊர் மேல் எரியும் பஞ்சு மழையாகக் கொட்டியது. தீயணைப்பு வீரர்கள் அறுபத்தாறு பேர் குழாயைப் பிடித்தபடியே போனார்கள். பலருடைய உடல் கிடைக்கவில்லை.

"அவர்கள் கெட்டவர்கள் இல்லை அம்மா. தண்ணீர் ஊற்றினால் அணையும் என்றுதான் நினைத்திருப்பார்கள். அன்றும்" என்றார்.

அரிசி டப்பாவிலிருந்து உருண்டையை எடுத்தார்கள். ஈரச் சேறு ஒட்டியிருந்தது. போலீஸ் முன்னிலையில் ரம்பம் வைத்து அறுத்தார்கள். எட்வின் முதல் நாளே சுத்தியலால் அடித்திருந்தால் தெரிந்திருக்கும்.

அது தகடு இல்லை. தீயணைப்பு வீரன் தலையில் போடும் பித்தளைத் தொப்பி. உள்ளே சேறு மட்டும் இல்லை. மேல்தாடை இருந்தது. பற்கள் வரிசை கலையாமல் இருந்தன. மஞ்சளும் குங்குமமும் எந்த இடத்தில் வைத்தாள் என்று மகேஸ்வரிக்கு நினைவு வந்தது.

சரியாக நெற்றியில்.

இப்போது அவள் வாஷியில் ஒரு ஃபிளாட்டில் சமையல் வேலை செய்கிறாள். தீ இல்லாத மின்சார அடுப்பு இருக்கும் வீட்டுக்குத்தான் போவேன் என்று சொல்லித்தான் சேர்ந்தாள். சுயம்புவின் படத்துக்கு முன்னால் விளக்கு வைப்பதில்லை. வைத்தால் நிற்பதில்லை.

காரியம் முடிந்த பிறகு எட்வின் குர்லாவுக்குப் போனான். அந்தச் சேற்றிலிருந்து வந்த மற்ற பித்தளை எங்கே என்று பங்கார் கடைக்காரனைக் கேட்டான். குழாய் மூக்கு, தொப்பிச் சில்லு, மணி ஒன்று, நல்ல கனமான பழைய சரக்கு எல்லாம் இருந்ததாம். தேய்த்தால் பொன் மாதிரி மின்னியதாம். அந்த வாரமே விற்றுத் தீர்ந்துவிட்டது.

"யாரு வாங்குனா?"

"பூசை சாமான் செய்யறவங்க. குத்துவிளக்குக்குக் கேட்டாங்க."

அந்த விளக்குகள் எந்தெந்த வீட்டுக்குப் போயின என்று யாருக்கும் தெரியாது. மாட்டுங்காவிலும் விற்றிருக்கலாம். உங்கள் ஊருக்கும் வந்திருக்கலாம். சமீபத்தில் வாங்கிய பித்தளை விளக்கு ஒன்று உங்கள் வீட்டில் இருந்து, காற்றே இல்லாமல் அது அணைந்தால், உடனே மறுபடி ஏற்றாதீர்கள். முதலில் திரியைத் தொட்டு, விரலை நாக்கில் வைத்துப் பாருங்கள்.

உப்புக் கரித்தால்... அடுப்பையும் அணைத்துவிட்டு, எல்லோரையும் கூட்டிக்கொண்டு வெளியே போய்விடுங்கள்.